கால் ஏறி வந்த கெண்டை

அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, அதன்மேல் தொளதொளவென்று பை மாதிரி ஒரு தோல், அவ்வளவுதான். கையிலும் தொடையிலும் சதை இருந்ததால் உட்காரலாம், தவழலாம். எழுந்து நின்றால் பாதம் துவண்டு விழுந்துவிடுவார்கள். தூரமாகப் போக வேண்டுமென்றால் ஆற்றில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து போவார்கள். மீன்களும் பேசிய காலம் அது. வழி கேட்டால் சொல்லும்.

அப்படி ஓர் ஆற்றங்கரையில் மூக்காயி என்ற பெண்ணும் அவள் புருஷன் சடையனும் வாழ்ந்தார்கள். எதிர்க்கரை அத்திமரத்தில் பழம் சிவந்திருப்பதை ஒருநாள் மூக்காயி பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள். சடையன் உடனே கட்டையைப் பிடித்து அக்கரைக்குப் போனான். போன பிறகு மழை பொய்த்தது. ஆறு இறங்கி, வெறும் மணலாயிற்று. இனி மிதந்து திரும்ப வழியில்லை. அந்தக் கொதிக்கும் மணலில் தவழ்ந்து வந்தால் கையும் முட்டியும் வெந்துபோகும்.

ஆனாலும் விடிந்ததும் அக்கரையிலிருந்து குரல் வரும்.

"ஏ மூக்காயி! முழிச்சிட்டியா?"

"முழிச்சாச்சு! பழம் மிச்சமிருக்கா, எல்லாத்தையும் முழுங்கிட்டியா?"

"உனக்குன்னு வச்சதுல எறும்பு ஏறிருச்சு. எறும்பத் தின்னுட்டுப் பழத்த வச்சிருக்கேன்!"

இப்படிக் கத்திக் கத்தியே அவர்கள் குடித்தனம் நடந்தது. ஒருநாள் காலையில் குரல் வரவில்லை. மூக்காயி கூப்பிட்டுப் பார்த்தாள். தொண்டை கம்மும்வரை கூப்பிட்டாள். அத்திமரத்தடியில் சடையன் ஒருக்களித்துக் கிடப்பது தெரிந்தது. தலையைத் தூக்கவில்லை.

அவள் மணலில் இறங்கித் தவழ்ந்தாள். கொஞ்ச தூரத்திலேயே உள்ளங்கை பொத்துப்போனது. மேலே போக முடியாமல், வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அழறதுன்னா இங்கிட்டுத் திரும்பி அழு தாயி. அந்தத் தண்ணியாவது எங்களுக்கு ஆகும்" என்று ஒரு குரல் கேட்டது.

குட்டைக்குள் ஒரு கெண்டை கிடந்தது. சினைக் கெண்டை, வயிறு புடைத்திருந்தது. பக்கத்தில் ஒல்லியாக அதன் புருஷன். சற்றுத் தள்ளி அதன் தங்கையும், தங்கை புருஷனும்.

"அக்கரைப் பாறைக்கு அடியில ஒரு மடு இருக்கு. எந்தக் கோடைக்கும் வத்தாது. எங்களத் தூக்கிட்டுப் போனா முட்டை பிழைக்கும்" என்றது கெண்டை.

"நானே போக முடியாமத்தானே உக்காந்து அழறேன். எனக்குக் காலு ஏது?"

கெண்டை அவள் காலை ஏற இறங்கப் பார்த்தது. "இவ்வளவு பெரிய தோலு சும்மாத்தானே கிடக்கு? நாங்க உள்ள வந்து இழுக்கறோம். நீ நட. ஆனா மடு வந்ததும் எங்கள இறக்கி விட்டுரணும்."

"சத்தியமா இறக்கி விடறேன்" என்றாள் மூக்காயி.

அவள் காலைக் குட்டைக்குள் நீட்டித் தோலை விரித்துப் பிடித்தாள். சினைக் கெண்டை பின்பக்கமாக நுழைந்து, வாயால் முழங்கால் எலும்பைக் கவ்வி, வாலைக் குதிகாலில் சுற்றிக்கொண்டது. ஒல்லிப் புருஷன் முன்பக்கம் போய்க்கொண்டான். மற்ற இருவரும் அடுத்த காலில் அதேபோல் ஏறிக்கொண்டார்கள்.

மூக்காயி எழுந்து நின்றாள். முன்னால் இருந்தவன் இழுத்தான், பின்னால் இருந்தவளும் இழுத்தாள். கால் மரக்கட்டை மாதிரி விறைத்தது. மூக்காயி தடாலென்று விழுந்தாள்.

"நான் இழுக்கறப்ப நீ ஏண்டி இழுக்கற?"

"நீங்க ஏன் இழுக்கறீங்க? உங்களுக்கு எதையும் விட்டுக்குடுத்துப் பழக்கமே இல்ல!"

"சரி, நீ தள்ளு. நான் இழுக்கறேன்."

"எனக்குத் தள்ளத் தெரியாது. சுருங்கத்தான் தெரியும். சுருங்கினா நானா நீளவும் முடியாது. நீங்க இழுத்தாத்தான் நீளுவேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "என் கதையும் அதேதான்" என்றான்.

"உங்க சண்டைய மடுவுல போய் வச்சுக்கங்க" என்று மூக்காயி கெஞ்சினாள். "ஒருத்தர் இழுக்கறப்ப இன்னொருத்தர் விட்டுக்குடுங்களேன். அங்க என் ஆளு கிடக்காரு."

பின்னால் இருந்தவள் இழுத்தாள், முன்னால் இருந்தவன் விட்டுக்கொடுத்தான். குதிகால் எழும்பியது. அவன் இழுத்தான், அவள் விட்டுக்கொடுத்தாள். முன்பாதம் எழும்பியது. மூக்காயி நடந்தாள். மனிதர் ஒருவர் இரண்டு காலில் நடந்தது அதுதான் முதல்முறை. கையை விரித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, கொதிக்கிற மணலை அவள் கடந்துவிட்டாள்.

ஆனால் வழியிலேயே சினைக் கெண்டை காய்ந்துவிட்டது. இழுப்பு தளர்ந்தது. பேச்சும் நின்றது. மடுவின் ஓரத்துக்கு வந்தபோது மேலே அத்திமரம் தெரிந்தது. அதற்கு ஏறிப்போக ஒரு செங்குத்துப் பாறை. இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னால் மேலே ஏறிவிடலாம். ஏறித் திரும்புவதற்குள் கெண்டை செத்துவிடும். முட்டையும் போய்விடும்.

மூக்காயி மேலே பார்த்தாள். சடையனின் கை மட்டும் தெரிந்தது. பிறகு உட்கார்ந்து, இரண்டு காலையும் மடுவுக்குள் விட்டு, தோலைத் தளர்த்தினாள்.

"போங்க. நல்லா இருங்க" என்றாள்.

கெண்டைகள் நழுவி ஆழத்துக்குப் போயின. மூக்காயி முந்தானையைத் தண்ணீரில் தோய்த்துப் பல்லில் கடித்துக்கொண்டு, பொத்துப்போன கையாலேயே பாறையில் தவழ்ந்தாள். சறுக்கினாள். மறுபடி தவழ்ந்தாள். மறுபடி சறுக்கினாள்.

கெண்டை பாசிக்குள் முட்டையிட்டது. இட்டுவிட்டு மேலே வந்து எட்டிப் பார்த்தது.

"நம்மள இறக்கி விட்டுட்டு அவ தவழறா. பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றான் புருஷன்.

"முட்டைக்கு மடு இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா? நான் போறேன்."

"நீ போயிட்டா நான் யாரோட இழுக்கறது? இரு, நானும் வரேன்."

நான்கு கெண்டைகளும் கரைக்குத் துள்ளி அவள் காலில் ஏறிக்கொண்டன. மூக்காயி பாறையில் ஏறினாள். முந்தானையைச் சடையன் வாயில் பிழிந்தாள். காய்ச்சலில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். நின்றுகொண்டிருந்த பெண்டாட்டியை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தான்.

"யாரு, மூக்காயியா? இவ்வளவு உசரமா நீ?"

சடையன் தேறும்வரை அவள் மடுவுக்கும் மரத்துக்குமாக நடந்தாள். தேறிய பிறகு, "இனி உங்க இடத்துக்குப் போங்க" என்று காலிடம் சொன்னாள்.

"போகல தாயி. நீ சொன்ன சொல்லக் காப்பாத்துன. எங்க பிள்ளைகளும் உன் பிள்ளைகள் கால்ல இருந்துக்கும்" என்றது கெண்டை. "ஆனா நடந்து வந்ததும் எனக்குத் தண்ணி காட்டு. காட்டலேன்னா ஆத்து ஞாபகம் வந்து துள்ளிருவேன். வேணும்னு செய்யறதில்ல, கோவிச்சுக்காத."

அன்று சாயங்காலமே அது துள்ளியது. மூக்காயி அலறிவிட்டாள். பின்னால் இருந்தவள் சுருங்கிக்கொண்டு விடவே இல்லை. சடையன் ஓசைப்படாமல் தவழ்ந்து வந்து, அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்தான். பெருவிரலை அவள் பக்கமாக மெல்ல மடக்கி, சதையைத் தண்ணீர் தொட்டு நீவினான். கெண்டை நீண்டு அடங்கியது. முன்னால் இருந்தவனுக்கும் மூச்சு வந்தது.

அன்று முதல்தான் மனிதர்களுக்குக் கெண்டைக்கால் உண்டாயிற்று, பின்பக்கம் இன்றும் சினைபிடித்தாற்போலப் புடைத்தே இருக்கிறது. வெளியே போய்த் திரும்புகிறவர்கள் வாசலில் நின்று, முகம் கழுவுவதற்கும் முந்திக் காலின் பின்பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். மறந்த நாளில் கெண்டை துள்ளினால், பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே பாதத்தை மடியில் எடுத்து நீவிவிடுகிறார். பக்கத்தில் யாரும் இல்லாதவர்கள் சுவரில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, முன்பு நீவிய கையை நினைத்துக்கொள்கிறார்கள், அதற்கும் கெண்டை அடங்குகிறது.