மண்டபத்தின் பெயரில் ஃப்ரீசர் பாக்ஸ்

ஒரு கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது ஓர் எண்ணில் வந்து தொங்கிய கதை இது. கவனமாகப் படியுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

ஸ்ரீவைகுண்டத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் இஸ்ரவேல். ஊரார் ஒரு வெப்சைட்டின் பெயரைத் தட்டினால், அது இன்டர்நெட்டில் எந்த முகவரி எண்ணில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்வது அவர் அலுவலகக் கருவியின் வேலை. மேலிடத்தில் கேட்கும், அவர்கள் கைகாட்டிய இடத்தில் கேட்கும், கடைசியில் அந்தப் பெயருக்குப் பதிவேடு வைத்திருப்பவரிடம் போய் எண்ணை வாங்கும். கூடவே ஒரு கெடுவும் வரும்: இத்தனை நாள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், அதுவரை திரும்பக் கேட்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை மரகதவல்லி அம்மாள் போனும் கையுமாக வந்து நின்றாள். வியாழக்கிழமை அவள் மகனுக்குக் கல்யாணம், விருதுநகரில், சம்பந்தி சிதம்பரநாதனின் சொந்த மண்டபத்தில்.

“ஏய்யா இஸ்ரவேலு, நேத்துக் காலையில நாத்தனாருக்கு மண்டபத்து வெப்சைட்டப் போன்ல தொறந்து காட்டுனேன், ஜம்முன்னு இருந்துச்சு. இன்னைக்கு அதே பேரப் போட்டா என்ன வருதுன்னு பாரு!”

பார்த்தார். ‘ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். அமரர் ஊர்தி வசதியும் உண்டு.’

“கல்யாண வீட்டுல பாக்குற காட்சியாய்யா இது? யாரு செஞ்ச தப்புன்னு பத்து மணிக்குள்ள சொல்லு. இல்லைன்னா சகுனம் சரியில்லைன்னு கல்யாணத்த நிறுத்திருவேன்.”

இஸ்ரவேல் பதறிப்போய் சிதம்பரநாதனுக்குப் போன் போட்டார்.

“எனக்கு மண்டபம் பளிச்சுன்னு தெரியுதே! உங்க கருவியத் தூக்கிக் குப்பையில போடுங்க சார்!”

மெல்லத் துருவியதில் விஷயம் வெளிவந்தது. திங்கட்கிழமை மதியம் அவர் வெப்சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தார். பழைய இடத்தைக் கையோடு காலியும் செய்துவிட்டார். பழைய கம்பெனி சாயங்காலமே அந்த எண்ணை ஃப்ரீசர் பாக்ஸ்காரருக்குக் கொடுத்துவிட்டது.

அடுத்து, அந்தப் பெயருக்குப் பதிவேடு வைத்திருக்கும் பானுமதி. “சிதம்பரநாதன் சார் சொன்ன அடுத்த நிமிஷமே புது எண்ணை எழுதிட்டேன் அண்ணே. கெடு ரெண்டு நாள்னு ஆரம்பத்துல போடச் சொன்னதும் அவர்தான். அத மாத்துங்கன்னு சொல்லவே இல்லையே.”

இஸ்ரவேலின் கருவியோ திங்கட்கிழமை காலையில் எண்ணை வாங்கியது. கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

இடம் மாறிய சிதம்பரநாதனா, பதிவேடு எழுதிய பானுமதியா, பழைய எண்ணையே ஒப்பித்த இஸ்ரவேலா? இதில் யார் செய்தது தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள், அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

விடை: சிதம்பரநாதன். பானுமதி தாமதிக்கவில்லை; கருவி தனக்குச் சொல்லப்பட்ட கெடுவை மீறவில்லை. மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே கெடுவை ஐந்து நிமிடமாகக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். அல்லது பழைய இடத்தை இரண்டு நாள் கழித்துக் காலி செய்திருக்கலாம். இதை இஸ்ரவேல் பயந்து பயந்து சொல்லிவிட்டு, கருவியின் ஞாபகத்தையும் அழித்தார். மண்டபம் திரும்ப வந்தது. அம்மாள் இறங்கி வந்தாள், ஒரே நிபந்தனையோடு: சம்பந்தி அந்த வெப்சைட்டிலேயே எல்லாருக்கும் தெரிய மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதர் உடனே கேட்டார். என்ன, பழைய எண்ணை இன்னும் மறக்காத ஊர்களில் அந்த மன்னிப்பைப் படிக்கப் போன உறவுக்காரர்கள், கல்யாணத்துக்கு வருவதா துக்கத்துக்கு வருவதா என்று போன் போட்டுக் கேட்டார்கள்.