'பிடி'யைப் பிடித்த கதை

முன்னொரு காலத்தில், பொய் சொன்னால் நாக்கு கறுத்துப்போகும் என்று எல்லோரும் நம்பிய நாளில், மகிபாலன் என்றொரு ராஜாவுக்கு இங்கிலீஷ் படிக்கும் ஆசை வந்தது. மிளகு வாங்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் 'ரன்' என்ற சொல்லில் பாடத்தைத் தொடங்கினார். குதிரை ஓடினால் ரன். சரி. ஆறு பாய்ந்தாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். ராஜாவுக்குத் தலை கிறுகிறுத்தது.

அந்த அரண்மனையில் ஆளுக்கு ஒரு வேலைதான் வழக்கம். வெற்றிலை மடிப்பவன் வீடே பற்றி எரிந்தாலும் தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டான்.

"ஒரே சொல்லுக்கு இத்தனை உத்தியோகமா? அநியாயம்!" என்றார் ராஜா.

விகடகவி தோணியப்பனைக் கண்டாலே வயிறு எரியும் மந்திரி கனகசபேசர் குழைந்தார். "தோணியப்பன் மகா புத்திசாலி, மகாராஜா. அந்தச் சொல்லை ஒரே வேலையில் அமர்த்தட்டும். முடியாவிட்டால் நாடு கடத்திவிடலாம்."

ராஜா குழப்பத்தில் தலையாட்டிவிட்டார்.

"உத்தரவு, மகாராஜா. துரையின் சொல் நமக்கு அடங்குமோ என்னவோ, முதலில் நம் வீட்டுச் சொல்லில் பழகிக்கொள்கிறேன். 'பிடி'க்கு எந்த வேலை?" என்றான் தோணியப்பன்.

"ஆளைக் கைது செய்வது!" என்றார் ராஜா.

இனி 'பிடி' என்றால் கைது மட்டுமே என்று முரசு அறைந்தாயிற்று.

மறுநாள் தூறல். "குடை பிடி" என்றார் ராஜா. காவலர்கள் குடையைக் கயிற்றால் கட்டிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

நனைந்தபடி அந்தப்புரம் போனால், அங்கே ராணி. "நேற்றெல்லாம் துரையோடுதான் பேச்சு. என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா?"

ராஜா வாயைத் திறந்தார். வாசலில் கயிற்றோடு காவலர்கள். மூடிக்கொண்டார்.

"ஓஹோ!" என்று ராணி கதவைச் சாத்தினாள்.

தான் போட்ட உத்தரவா இது என்று விளங்காமல் சபைக்கு வந்தார். மந்திரி தும்மினார்.

"ஜலதோஷம் பிடித்திருக்கிறது, மகாராஜா."

"பிடித்தாயிற்றா? எங்கே வைத்திருக்கிறீர் அவனை?" என்று பாய்ந்தான் காவல் தலைவன். "கைதியை ஒளித்துவைப்பது குற்றமய்யா!"

"ஐயோ, அவன் என் மூக்கில்..." என்பதற்குள் மந்திரியின் கையில் விலங்கு.

ராஜாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரிப்புதான் வென்றது. "துரையின் சொல் எத்தனை வேலை வேண்டுமானாலும் பார்க்கட்டும்! தோணியப்பா, நீ எங்கேயும் போக வேண்டாம்." கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "இந்தா, பிடி!"

காவலர்கள் தோணியப்பன் மேல் விழுந்தார்கள்.

"விடுங்களடா! உத்தரவு ரத்து! ரத்து!"

ரத்து முரசு ஓய்வதற்குள் ராஜா அந்தப்புரக் கதவைத் தட்டி, "பிடிக்கும், பிடிக்கும்!" என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தாராம்.