கவுதாரி சொன்ன 'சரி'

குளத்துக்கு மேற்கே முள்காடு. அங்கே ஒரு சங்கம்புதருக்கு அடியில் முத்துப்பேச்சி என்ற கவுதாரியும் அவள் புருஷன் சுடலையும் குடியிருந்தார்கள். புதருக்குள் ஒன்பது முட்டைகள் இருந்தன. ஒருவர் இரை தேடப் போனால் மற்றவர் அடைகாப்பார். அந்த வருஷம் மழை இல்லை. புழு பூச்சி கிடைப்பதே பெரும்பாடு. முத்துப்பேச்சிக்கு இன்னொரு தடவை முட்டையிட உடம்பில் தெம்பில்லை. இந்த ஒன்பதுதான் அவர்களுக்கு எல்லாம்.

குளக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். நரியோ பூனையோ தலை காட்டினால் போதும். "டிட்டீ டிட்! டிட்டீ டிட்!" என்று காடே கேட்கும்படி கத்துவாள். சத்தம் கேட்டதும் எல்லாரும் பதுங்கிவிடுவார்கள். ஆபத்து இல்லாத நாளில் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் புதரின் மேல் இன்னொரு பறவை உட்கார்ந்து கூவ வேண்டுமென்றால், புதருக்கு உரியவர் வாய் திறந்து 'சரி' சொல்ல வேண்டும். அதை யாரும் மீறியதில்லை.

ஒருநாள் காலை முத்துப்பேச்சி உடைமரத்தடிக் கரையான் புற்றுக்குப் போனாள். நல்ல பசி. புற்றின் மேல் கரிச்சான் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. கன்னங்கரேலென்ற உடம்பு, பிளந்த வால்.

"நில்லுங்க அக்கா!" என்றது கரிச்சான். "நீங்க கவுதாரிதானா?"

"பார்த்தா எப்படித் தெரியுது?"

"கோபப்படாதீங்க! நரியெல்லாம் கவுதாரி வேஷம் போட்டுக்கிட்டு இந்தப் புற்றுக்கு வருது. அதான் எல்லாரையும் கேட்கிறேன். நீங்க நரி இல்லைன்னு தெரியணும். 'சரி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நரி வாயில 'சரி' வராது!"

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. அங்கே சுடலை விடிந்ததிலிருந்து பட்டினியாக அடைகாத்துக்கொண்டிருக்கிறான். நின்று பேச நேரமில்லை.

"சரி!" என்றாள்.

"உங்க புதர் மேல உட்கார்ந்து எப்ப வேணும்னாலும் கூவிக்கிறேன்," என்று கரிச்சான் வேகமாக, அலகுக்குள்ளேயே முணுமுணுத்தது. பிறகு சத்தமாக, "சாப்பிடுங்க அக்கா!" என்று வழிவிட்டது. முத்துப்பேச்சி முணுமுணுப்பைக் காதில் வாங்கவில்லை. புற்றைக் கிளறத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் கரிச்சான் சங்கம்புதரின் உச்சியில் வந்து உட்கார்ந்தது.

"இங்கே என்ன வேலை?" என்று கேட்டான் சுடலை.

"அக்கா சரின்னு சொன்னாங்களே!"

சுடலை பெண்டாட்டியைப் பார்த்தான். அவளுக்குச் சொன்னது நினைவிருந்தது. எதற்குச் சொன்னோம் என்பதுதான் புரியவில்லை. "குருவிதானே, உட்கார்ந்துட்டுப் போகட்டும்," என்று சமாளித்தாள்.

முதல் இரண்டு நாள் நல்லதாகவே இருந்தது. "மேற்கே மேகம்!" என்றது. கொஞ்சம் தூறியது. "ஈசல் கிளம்பியாச்சு!" என்றது. ஈசல் இருந்தது. சுடலைகூட, "ஆள் பரவாயில்லை," என்றான்.

மூன்றாம் நாளிலிருந்து கூவல் பெருத்துவிட்டது. "கீழக்கரையில புழு கொட்டிக் கிடக்கு! முந்துறவங்களுக்குத்தான்!" முத்துப்பேச்சி கிளறிக்கொண்டிருந்த புற்றை விட்டுவிட்டுக் கீழக்கரைக்கு ஓடுவாள். அங்கே காய்ந்த மண்தான் இருக்கும். திரும்பி வந்தால் அவள் கிளறி வைத்த கரையான் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. கரிச்சான் அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டிருக்கும்.

"ஓடைக்கரையில நாவல் பழம்! உங்களுக்கு மட்டும் சொல்றேன்!"

"இன்னும் கொஞ்ச நேரம்தான்! தவறவிட்டா வருத்தப்படுவீங்க!"

ஒவ்வொரு தடவையும் இனிமேல் போகக் கூடாது என்று நினைப்பாள். ஒவ்வொரு தடவையும் கால் தானாக ஓடும். பசி அப்படி.

புழு, பழம் என்ற பேச்சுக்கு அவள் அசையாமல் போன அன்று, கரிச்சான் குரலை மாற்றியது.

"டிட்டீ டிட்! டிட்டீ டிட்!"

அசல் ஆட்காட்டியின் குரல்! முத்துப்பேச்சி புல்லுக்குள் விழுந்து படுத்தாள். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினால் பூனையும் இல்லை, நரியும் இல்லை. கரையானும் இல்லை.

அடுத்த வாரம் கரிச்சான் இன்னும் பெரிதாக ஆரம்பித்தது.

"ஐயோ, பாம்பு! உங்க முட்டைக்கு அடியில பாம்பு! ஒண்ணு ரெண்டு இல்லை, பதிமூணு! உடனே வெளியே வாங்க!"

சுடலை அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தான். புற்றடியில் இருந்த முத்துப்பேச்சியும் ஓடி வந்தாள். அதே சமயம் கள்ளிக்குப் பின்னாலிருந்து ஒரு கீரி நடந்து வந்தது. எங்கோ தயாராகக் காத்திருந்ததைப் போல வந்தது.

"சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. பாம்பாமே?"

"அண்ணாச்சி, நீங்கதான் காப்பாத்தணும்!"

"நான் இருக்கேன், பயப்படாதீங்க. ரெண்டு பேரும் குளத்துப் பக்கம் போயிருங்க. உள்ளே எட்டிப் பார்க்காதீங்க. பாம்பு சீறிடும்!"

கீரி பின்பக்கத்து முள்ளை வாயால் இழுத்துப் போட்டு வழி உண்டாக்கி உள்ளே போனது. கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு வாயை நக்கிக்கொண்டே வெளியே வந்தது.

"துரத்திட்டேன். ஆனா ரெண்டு முட்டையைப் பாம்பு முழுங்கிட்டுது. நான் வரலைன்னா ஒன்பதும் போயிருக்கும்!"

முத்துப்பேச்சி அழுதாள். அழுதுகொண்டே கீரிக்கு நன்றி சொன்னாள்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் பாம்பு என்று கூவல் கேட்டது. மறுபடியும் கீரி வந்தது. மறுபடியும் இரண்டு முட்டை குறைந்தது. அன்றைக்கும் அவள் நன்றி சொன்னாள். மிச்சம் ஐந்து.

பாம்புப் பயம் ஒருபக்கம், "டிட்டீ டிட்" இன்னொரு பக்கம். ஒரு பகலில் ஏழெட்டுத் தடவை ஓடி ஒளிந்து முத்துப்பேச்சி துரும்பாக இளைத்துப்போனாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் குளக்கரைக்குப் போய் ஆட்காட்டியிடம் சண்டை பிடித்தாள்.

"ஏன் மதினி இப்படிச் சும்மா சும்மா கத்துறே? வயித்துக்குச் சாப்பிட விட மாட்டியா?"

"நான் நாலு நாளா வாயே திறக்கலையே!" என்றாள் ஆட்காட்டி.

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியலையே, அதுதானே வம்பு! உன் புதர் உச்சியில யார் உட்கார்ந்திருக்கான்னு ஒரு தடவை அண்ணாந்து பாரு. அவனுக்குச் சரி சொன்னது நீதானே? வேண்டாம்னு சொல்லிப்போடு. அவன் இருக்க முடியாது. பின்பக்கத்து முள்ளையும் அடைச்சு வை. அந்தக் கீரி வர்றதுக்கு முன்னாடி முட்டை குறையுதா, அது உள்ளே போன பிறகு குறையுதான்னு யோசிச்சுப் பார்த்தியா?"

முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது. அதை ஒத்துக்கொண்டால், இரண்டு தடவை நன்றி சொல்லி முட்டையைப் பறிகொடுத்தது தான்தான் என்று ஆகிவிடும். அவளால் முடியவில்லை.

"அவனை விரட்டிட்டா, நிஜமாவே பாம்பு வந்தா யார் சொல்றது? உனக்குப் பொறாமை மதினி. உன் வேலையை வேற ஒருத்தன் செய்யறான்னு பொறாமை!"

ஆட்காட்டி தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முத்துப்பேச்சி சுடலையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுடலை களைத்துப்போயிருந்தான்.

"எவன் கூவுனா என்ன புள்ள? எது மெய், எது பொய்னு இனி யாரு பார்க்கிறது? நான் இனிமே எதுக்கும் எழுந்திரிக்கப் போறதில்லை. முட்டை சில்லிட்டுப் போகுது. பாம்பு கடிச்சாலும் இங்கேயே கிடக்கிறேன்."

மறுநாள் உச்சிவெயிலில் முத்துப்பேச்சி புற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். குளக்கரைப் பக்கமிருந்து, "டிட்டீ டிட்! டிட்டீ டிட்!" என்று சத்தம் எழுந்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. 'கத்திக்கோ. நான் ஏமாற மாட்டேன்,' என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது ஒரு தெம்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக நாலு கரையானைக் கொத்தித் தின்றாள்.

"டிட்டீ டிட்! டிட்டீ டிட்! டிட்டீ டிட்!"

சத்தம் ஓயவில்லை. குரல் கிழிந்துவிடும்போல இருந்தது. ஐந்தாவது கரையானைக் கொத்தக் குனிந்தபோது, அவளுக்கு நேர் எதிரே கரிச்சான் வந்து இறங்கியது. வாய் நிறையக் கரையான். அலகு இறுக மூடியிருந்தது.

டிட்டீ டிட் என்ற கூவல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முத்துப்பேச்சி விசுக்கென்று நிமிர்ந்தாள். இவன் வாய் மூடியிருக்கிறது. அப்படியானால் அங்கே கூவுவது யார்?

"ஏங்க!" என்று அலறிக்கொண்டு அவள் பறந்தாள்.

புதரைச் சுற்றி இறகு கிடந்தது. பின்பக்கம், கீரி முள்ளை இழுத்துப் போட்டிருந்த வழியில், காட்டுப்பூனையின் கால்தடம். சுடலை முட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சொன்னபடியே அங்கேயே கிடந்திருக்கிறான். அவனைப் பூனை தூக்கிய இழுபறியில் இரண்டு முட்டை நசுங்கியிருந்தது. மூன்று மட்டும் சூடாக இருந்தது. அவன் உடம்புச் சூடு அது.

அவள் மூன்று முட்டையின் மேலும் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் கரிச்சான் ஒன்றும் நடக்காததைப் போல உச்சியில் வந்து உட்கார்ந்தது.

"வேண்டாம்," என்றாள் முத்துப்பேச்சி.

"என்னக்கா?"

"நான் சொன்ன சரி இனிமேல் இல்லை. என் புதர்மேல நீ உட்காரக் கூடாது. கூவக் கூடாது. போ!"

கரிச்சான் முறைக்கவில்லை, வாதாடவில்லை. உடனே எழுந்துகொண்டது.

"அவ்வளவுதானே? இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேனே அக்கா!" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

இவ்வளவு சுலபமா என்று முத்துப்பேச்சி திகைத்துப்போனாள். இந்த ஒரு வார்த்தையை நேற்றுச் சொல்லியிருந்தால் சுடலை இருந்திருப்பான். பூனையைவிட அந்த நினைப்புதான் அவளை அதிகமாகக் குதறியது.

இருட்டுவதற்குள் பின்பக்கத்து வழியை முள்ளால் அடைத்தாள். அலகு கிழிந்து ரத்தம் வந்தது. காலையில் கீரி வந்தது.

"தங்கச்சி, பாம்பு நடமாட்டம் இருக்காப்பல தெரியுது. பார்க்கட்டுமா?"

"பாம்பு வந்தா நான் பார்த்துக்கிறேன். இங்கே முட்டை தின்ன பாம்புக்கு நாலு காலும் ஒரு வாலும் இருந்துச்சு அண்ணாச்சி!"

கீரி அடைத்த முள்ளைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூக்கில் முள் குத்தியதும் முனகிக்கொண்டே போய்விட்டது.

அடுத்து அவள் ஆட்காட்டியைத் தேடிப் போனாள். ஆட்காட்டி கரையில் நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தாள். குரல் கம்மியிருந்தது.

"மதினி, என்னை மன்னிச்சிரு. உன்னைப் போய்ப் பேசிட்டேன்."

"தொண்டை கிழியக் கத்துனேன்," என்றாள் ஆட்காட்டி. "நீ மட்டும் இல்லை. ஒரு முயல்கூட ஓடலை. ஒரு காடைகூடப் பதுங்கலை. அவன் கூவும்போது நான்னு நம்பி ஓடுனீங்க. நான் கூவும்போது அவன்னு நினைச்சுச் சும்மா இருந்தீங்க. இனி இந்தக் குரலை வெச்சுக்கிட்டு நான் இங்கே என்ன செய்ய?"

"போகாதே மதினி!"

"கேட்கிற காது இருக்கிற இடத்துக்குப் போறேன்." இரண்டு எட்டு ஓடி, எழும்பி, குளத்தைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கரிச்சான் வெகுதூரம் போகவில்லை. கிழக்கே ஒரு காடையின் புதரில் உட்கார்ந்து, "நாவல் பழம்! உங்களுக்கு மட்டும்!" என்று தொடங்கியிருந்தது. முத்துப்பேச்சி ஓடிப்போய்க் காடையை எச்சரித்தாள். புருஷனுக்கு நேர்ந்ததைச் சொன்னாள். காடை காதைப் பொத்திக்கொண்டாள்.

"போங்கக்கா! விடிஞ்சதிலிருந்து என் புதர் மேல ஜாக்கிரதை, ஜாக்கிரதைன்னு கூவுறதை இதோட பத்துத் தடவை கேட்டாச்சு! நீங்க ஒருத்திதான் பாக்கி!"

மூன்று முட்டையில் இரண்டு பொரிந்தன. குஞ்சுகளுக்கு முத்துப்பேச்சி முதலில் சொல்லிக்கொடுத்தது இரை கொத்துவதை அல்ல, காவல் பார்ப்பதை. ஒரு கொத்துக் கொத்தினால் கழுத்தை நீட்டி நாலு திசையும் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்த கொத்து. அப்படித் தின்றால் அரை வயிறுகூட நிறைவதில்லை. குஞ்சுகள் பசியில் கீச்சிட்டன. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பட்டப்பகலில் காட்டுப்பூனை குளக்கரையோரமாக நிதானமாக நடந்து போனது. காட்டில் ஒரு குரலும் எழவில்லை.

காட்டிலானாலும் சரி, கைபேசியிலானாலும் சரி, முன்பின் தெரியாதவர் அவசரப்படுத்திக் கேட்கும் அனுமதியைக் கொடுக்காதீர்கள், தெரியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திராமல் அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். ஏனென்றால் பொய் எச்சரிக்கை முதலில் கொல்வது மெய்யான எச்சரிக்கையைத்தான்.