மன்னருக்கு அஞ்சாத மரத்தரை

மழைமேகம் வழிதவறிக்கூட எட்டிப் பார்க்காத கரிசல் சீமை ஒன்றை, பரிதிவேள் என்ற ராஜா வெகுகாலத்துக்கு முன்னே ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது அவரைப் புகழ்ந்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க யோசிக்கிற வேலையை நிறுத்திவிடுவார்.

கடல்கடந்து வந்த ஒரு வணிகன், தன் நாட்டு அரண்மனையில் ஓக் மரப்பலகை பாவிய தரை இருக்கிறது, அதன்மேல் நடந்தால் தேனின்மேல் நடப்பதுபோல் இருக்கும், அவ்வளவு மினுமினுப்பு என்று அளந்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ராஜாவுக்குத் தன் கல்தரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கப்பலில் பலகைகளை வரவழைத்தார்.

அமைச்சர் மருதையன் ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையில் ஈரம் சில்லிட்டது.

"வேந்தே, இது குளிர்நாட்டு மரம். கப்பலிலும் ஈரம் குடித்திருக்கிறது. நம்மூர்க் காற்றில் அந்த ஈரமெல்லாம் போய்விட்டால் பலகை ஒடுங்கும், இடுக்கு விழும். கொஞ்ச காலம் சபையிலேயே கிடந்து ஊர்க்காற்றுக்குப் பழகட்டும். பிறகு பாவலாம்."

அவையில் சபாமணி என்று ஒரு பிரபு இருந்தார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அவர் எழுந்து, "ஓக் என்பது மரங்களுக்கு ராஜா. ராஜாவாவது, வெயிலுக்கு ஒடுங்குவதாவது! வேந்தரைக் காக்கவைக்க அமைச்சருக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது" என்றார்.

பரிதிவேளுக்கு இரண்டு பேர் மோதிக்கொள்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம். "சிங்காதனம் இருக்கிற வடபாதி சபாமணிக்கு, வாசல் பக்கத்துத் தென்பாதி மருதையனுக்கு. கோடை முடியும்போது எவர் தரை என் மனசுக்குப் பிடிக்கிறதோ, அவரே அமைச்சர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சபாமணி கப்பல் ஈரம் காயாமலே அகலமான பலகைகளை அப்படியே பாவி முடித்தார். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மருதையனோ தன் பலகைகளுக்கு நடுநடுவே காற்றுப் புகக் குச்சி கொடுத்துச் சபையில் அடுக்கி வைத்து, சும்மா உட்கார்ந்திருந்தார். "அமைச்சர் கட்டைக்கு விருந்து வைக்கிறார்" என்று சபையே சிரித்தது. மருதையனுக்குச் சுருக்கென்றது, ஆனாலும் தினம் ஒரு பலகையை உருவி எடைபோட்டுப் பார்த்தார். பலகைகளின் எடை குறைந்து, இனிமேல் குறையாது என்று ஆனபிறகு, அவற்றைக் குறுகலான பட்டைகளாக அறுத்துப் பாவினார்.

அக்கினிக் காற்று வீச ஆரம்பித்தது. கோடை முடியப்போகிற சமயம் ஒருநாள் ராஜா சிங்காதனத்திலிருந்து இறங்கிக் கம்பீரமாக நடந்து வருகையில், ஊன்றிவந்த செங்கோலின் நுனி வடபாதியில் ஓர் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. இரண்டு காவலர் சேர்ந்து பிடுங்கினார்கள். சபை தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சபாமணி, என்ன இது?" என்றார் ராஜா.

சபாமணியின் முகம் வெளிறியது ஒரு கணந்தான். "வேந்தே, இது இடுக்கு இல்லை, பணிவு. தங்கள் மகிமையைக் கண்டு மரம் அடங்கி ஒடுங்குகிறது. அந்தத் தென்பாதியைப் பாருங்கள். தாங்கள் எத்தனை தரம் நடந்தும் கொஞ்சமாவது ஒடுங்கியதா? அமைச்சர் அதற்கு ராஜத்துரோகம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. பிறகு தென்பாதிப் பக்கம் திரும்பிக் கடுகடுத்தது. "மருதையன், உம்முடைய தரை ஏன் என்னை மதிக்கவில்லை?"

பதவி மட்டுமல்ல, தலையும் போகப்போகிறது என்று மருதையனுக்குப் புரிந்தது. ஈரம், காற்று என்று இனிப் பேசினால் எடுபடாது. கைகட்டி நின்றார்.

"சபாமணியார் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், வேந்தே. மரம் எவருக்கு அதிகம் அஞ்சுகிறதோ, அவர் காலடியில் இடுக்கு அதிகம் இருக்கும். அதையும் பார்த்துவிடலாமே."

ராஜாவே ஆவலோடு குனிந்து பார்த்தார். சிங்காதனத்தைச் சுற்றி நனைத்த வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கின. அங்கே பலகைகளுக்கு நடுவே ஒரு நூல் நுழைகிற இடந்தான். அதே வடபாதியில் மேற்குச் சாளரத்தருகே போனார்கள். அங்கே இடுக்கில் கட்டைவிரலே புகுந்தது. அந்த இடத்தில் ஒரு பட்டுமெத்தை ஆசனம் போட்டிருந்தது.

"இது எவர் ஆசனம்?" என்றார் ராஜா.

"சபாமணியாருடையது" என்றார் மருதையன். "தங்களைக் காட்டிலும் இவரைக் கண்டுதான் மரம் அதிகம் நடுங்கியிருக்கிறது, வேந்தே. காரணம் எனக்குத் தெரியவில்லை."

ராஜாவின் கை இடுப்பு வாளுக்குப் போனது. சபாமணி தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ வேந்தே, அது என்னைக் கண்டு இல்லை. சாளரத்து அனல்காற்று. மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. ஈரப்பலகையை அவசரப்பட்டுப் பாவினது நான்தான்."

"இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்" என்றார் மருதையன்.

ராஜா இடுக்கையும் ஆசனத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். மருதையனுக்கு அமைச்சர் பதவியோடு முத்துமாலையும் கிடைத்தது. வடபாதியைப் பெயர்த்து, புதுப்பலகை வரவழைத்து, அது காய்கிறவரை அதன் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்திருப்பது சபாமணியின் வேலை என்று உத்தரவாயிற்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் "விருந்தாளி சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சபை கலைந்தபிறகு ராஜா மருதையனை ஓரமாக அழைத்தார்.

"அப்படியானால் அந்த மரம் என்னைக் கண்டு கொஞ்சங்கூட அஞ்சவில்லையா?"

மருதையன் அவர் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"நன்றாகக் காய்ந்த மரத்திலும் கோடைக்கு ஒரு மயிரிழை இடுக்கு விழத்தான் செய்யும், வேந்தே. அதைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா நிமிர்ந்து நடந்து போனார்.