அக்கரைக்குப் போன ஆணை

செண்பகராய மன்னனின் ஊரில் தினமும் கோபுரத்தின்மேல் முரசறைந்து சேதி சொல்வார்கள். எந்த மடை திறக்கிறது, எங்கே வெள்ளம் வருகிறது, நடுநடுவே ஒரு பாட்டு. காது இருந்தால் போதும், காசு வேண்டாம். ஆனால் சத்தம் பாதி ஆற்றோடு நின்றுவிடும். அக்கரைக்காரர்களுக்குத் தோணிக்காரி பூவாயிதான் கதி. நடு ஆற்றில் தோணியை நிறுத்திக் கேட்பாள். அக்கரைக்குப் போய் அப்படியே சொல்வாள்.

இது முரசு அதிகாரி பட்டாபிராயருக்குப் பொறுக்கவில்லை. அந்த மனுஷர் ஒரு நாளாவது முரசைத் தொட்டிருப்பாரா என்றால் அதுவும் இல்லை. அனுமதி வாங்கித்தான் சொல்ல வேண்டும் என்றார். அதைக் கேட்டு வந்தவளைப் பாட்டுக் கட்டியவரிடம் போ என்றார், பாடினவரிடம் போ என்றார், கடைசியில் முரசுக்குத் தோல் கொடுத்த மாட்டுக்காரனிடமும் ஓலை வாங்கி வரச் சொன்னார். சரி, அக்கரைக்குத் தாமாவது சேதி சொல்ல வழி செய்தாரா? அது அவர் வேலை இல்லையாம்!

பிறகு தம் கையாலேயே ஓர் ஆணை எழுதினார். 'கோபுரத்தில் சொன்னதை அக்கரையில் போய் யார் சொன்னாலும், அவரைச் சுமந்துபோன வாகனம் அரண்மனைக்குச் சேரும்.' மன்னனும் படிக்காமலே முத்திரை வைத்துவிட்டான். இரண்டாம் நாளே பூவாயியின் தோணியைப் பிடுங்கிவிட்டார்கள். அவளுக்குச் சோறு போடுவதே அந்தத் தோணிதான். சபையில் வந்து அழுதாள்.

மந்திரி கொண்டலப்பனுக்கு இது அநியாயம் என்று பட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இப்படி ஓர் ஆணை இருப்பதே பாவம் அக்கரைக்காரர்களுக்குத் தெரிந்திருக்காதே என்று பணிவாக இழுத்தார்.

பட்டாபிராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் தெரியாது? ஆணையைக் கோபுரத்தில் முரசறைவித்த கையோடு நானே அக்கரைக்குப் போய், ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன்."

"தாங்களேவா? அவ்வளவு தூரம் நடந்தா?"

"நான் ஏன் நடக்கிறேன்? அணை வழியாகச் சுற்றிப் பல்லக்கில் போனேன்."

கொண்டலப்பன் மன்னன் பக்கம் திரும்பினார். "மகாராஜா, கோபுரத்தில் சொன்னதை அக்கரையில் சொன்னவர்கள் இரண்டு பேர். தோணி வந்து சேர்ந்துவிட்டது. பல்லக்கு இன்னும் வரவில்லை."

மன்னன் அப்போதுதான் ஆணையை எடுத்துப் படித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தோணியைப் பூவாயியிடம் திருப்பிக் கொடுத்து, ஆணையைக் கிழித்து, பல்லக்கையும் நீயே வைத்துக்கொள் என்றான். பூவாயி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "வேண்டாம் சாமி, இது தண்ணியில மிதக்காது."

அன்று கோபுரத்தில் சொன்ன முதல் சேதி, முரசு அதிகாரி தம் வீட்டுக்கு நடந்தே போனார் என்பதுதான். அதை மட்டும் பூவாயி அக்கரையில் இரண்டு தரம் சொன்னாளாம்.