நான்கு எலுமிச்சம்பழங்கள்

மழையில் நனைந்த பந்தயத் தடத்தில் குழந்தைவேலுவின் கார் தட்டாமாலை சுற்றி, மணல் மூட்டைகளில் போய் முட்டி நின்றது. நல்ல வேளை, அவருக்குச் சிறு கீறல்கூட இல்லை. குறிலை நெடிலாகக் கேட்டதால் வந்த வினை அது.

"வளைவுல ஓட்டுங்கன்னு ரேடியோவுல நீங்கதானுங்களே சொன்னீங்க, அம்மிணி? அதான் மிதிச்சேன்."

"ஓட்டுங்க இல்லீங்கண்ணா. ஒட்டுங்க. ரோட்டோட ஒட்டுங்கன்னு சொன்னேன்."

யமுனாவுக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நாமக்கல்லில் பாதி ஆயுளை லாரியிலேயே கழித்தவர் குழந்தைவேலு. அவருக்குப் பந்தயம் கற்றுத்தரும் யமுனாவோ வயதில் அவர் மகளைவிடச் சற்றே மூத்தவர். மாலையில் இன்னொரு ஓட்டம் இருந்தது. அதிலும் சறுக்கினால் அணியில் இடமில்லை, மறுபடி லாரிதான். மழையோ விடுவதாக இல்லை.

"ஒட்டுறதுக்கு டயர்ல பசையா தடவியிருக்குதுங்க?" என்றார். கேலியாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் நடுங்கிவிட்டது.

"பையில எலுமிச்சம்பழம் வச்சிருப்பீங்களே, எடுங்க."

வைத்திருந்தார். லாரிக்காரர் பையாயிற்றே. காரை நிறுத்தியிருந்த கொட்டகையின் காய்ந்த தரையில் நான்கு டயர்களுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். காரை மெல்ல நகர்த்திப் பழங்களின் மேல் ஏற்றினார். யமுனா சொன்னபடி மறுபடி பின்னால் எடுத்தார்.

பழங்கள் நசுங்கிய இடத்தில் நான்கு ஈரத் தடங்கள் இருந்தன.

"கையை வைங்கண்ணா."

குனிந்து வைத்தார். உள்ளங்கை தடத்தை முழுதாக மூடியது. மற்ற மூன்றும் அப்படியே.

"டயர் தரையைத் தொடுற இடம் இவ்வளவுதானுங்க."

"இவ்வளவுதானுங்களா?"

அப்போது வெளியே ஒரு கார் மழையைக் கிழித்துக்கொண்டு போனது. தரை அதிர்ந்து, அந்த அதிர்வு அவர் கையில் ஏறியது. கையை எடுக்க மனம் வரவில்லை. கொல்லிமலை ஏறியது, லோடோடு வடக்கே போனது, தூக்கக் கலக்கத்தில் பாலங்களைக் கடந்தது எல்லாமே இப்படிக் கையகல இடங்களை நம்பித்தானா?

"இத்தனை வருசம் இது என்னைத் தாங்கியிருக்குதுங்களே, அம்மிணி. நான் ஒருக்காகூட நினைச்சுப் பார்க்கலீங்களே."

யமுனா ஹெல்மெட்டை நீட்டினார்.

மாலை ஓட்டத்தில் அதே வளைவு வந்தது. யமுனா ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். இந்த முறை குறிலும் சொல்லவில்லை, நெடிலும் சொல்லவில்லை. கார் வளைவுக்குள் நுழைந்ததும் தண்ணீர் சிதறி மறைத்துவிட்டது. மறுபுறம் கார் நேராக வெளியே வந்தது.

கரகரப்புக்கு நடுவே குழந்தைவேலுவின் குரல் கேட்டது, கருவறை முன்னால் பேசுவதுபோலத் தணிந்து.

"அம்மிணி, ரோடு கைக்குச் சில்லுன்னு இருக்குதுங்க."

"கையை எடுத்துராதீங்கண்ணா."