பூசணிக்காய் உட்கார்ந்த சீட்டு

அரிசி ஆலை ஏகாம்பரம் புதுக் காருக்குப் பூஜை போட்ட கையோடு, முன்சீட்டைக் கட்டில் மாதிரி சாய்த்துப் படுத்துக்கொண்டார். பெல்ட் போடவில்லை என்று கார் பீப் பீப்பென்று கத்தியது.

"ஏம்மா தங்கபுஷ்பம், பெல்ட் போடமாட்டேன். சத்தமும் வரக்கூடாது. முடியலேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

தங்கபுஷ்பம் டிரைவராகச் சேர்ந்து மூன்று நாள்தான். இந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

"சரிங்க முதலாளி. கொஞ்சம் இறங்குங்க. திருஷ்டிப் பூசணிக்காய் உங்க இடத்துல ஒரு சுத்து வரட்டும்."

காயைச் சாய்ந்த சீட்டில் வைத்து, ஆலை முற்றத்திலேயே மெதுவாக ஓட்டி, சட்டென்று பிரேக் போட்டாள். காய் சரிந்து விழுந்து பிளந்தது. உள்ளே அடைத்திருந்த குங்குமம் சிவப்புச் சிவப்பாகக் கொட்டியது.

"அடிப்பாவி, புதுக் காரு!" என்று குதித்தார் ஏகாம்பரம்.

"மெதுவாத்தான் வந்தேன் முதலாளி. காய்தான் படுத்துக்கிட்டு, பெல்ட்டும் போடலே."

அவர் மனைவி சௌந்தரம் நெஞ்சில் கைவைத்தாள். "அந்தச் சிவப்பைப் பாத்துமா பேசறீங்க? நிமிர்ந்து உக்காருங்க!"

ஏகாம்பரம் முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்து சீட்டை நிமிர்த்தினார். பெல்ட்டைத் தோளிலும் இடுப்பிலும் படிய இழுத்து மாட்டினார். சத்தம் கப்சிப்.

"அப்பாடா!" என்றாள் சௌந்தரம். "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு புஷ்பம். இவரை ஒரு இடத்துல கட்டி உக்கார வைக்க, முப்பது வருஷமா என்னால முடியலே."